மகாராணிக்கு மாப்பிள்ளை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் தொழிலைக் கேட்டதும் முகத்தைச் சுளிக்கிறவர்களோடு எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. நாய் வளர்க்கிறவர் நாள் முழுக்க நாய்ப் பெருமை பேசலாம். மீன் வளர்க்கிறவர் தொட்டிக்கு முன்னால் விருந்தாளியை உட்கார வைத்து மணிக்கணக்கில் அறுக்கலாம். நான் சிலந்தி என்று வாயைத் திறந்தால் மட்டும் குடித்துக்கொண்டிருக்கிற டீயை வைத்துவிட்டு எழுந்துவிடுவீர்கள். தாராளமாகப் போங்கள். பிஸ்கட்டாவது மிஞ்சும்.

எங்கள் வீட்டுப் பின்னறைதான் எனக்குக் கடை, பண்ணை, பிரசவ ஆஸ்பத்திரி எல்லாம். மூன்று சுவருக்கும் இரும்பு அலமாரி. மேல்தட்டில் குச்சிப் பூச்சிகள். இலைக்கு நடுவில் அசையாமல் நிற்கும், எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதற்குள் கண் பூத்துவிடும். நடுத்தட்டில் கும்பிடு பூச்சிகள், ஆளுக்கொரு டப்பாவில். கையைக் கூப்பிக்கொண்டு பரம சாதுவாக நிற்குமே தவிர, இரண்டை ஒன்றாக விட்டால் கொஞ்ச நேரத்தில் ஒன்றுதான் இருக்கும். அதற்குக் கீழே ஈர மண்ணில் விரல் தடிமனுக்கு மரவட்டைகள், என் முஷ்டி அளவு நத்தைகள். மூலையில் பெரிய தொட்டியில் சுவர்க்கோழிகள். அவை விற்பனைக்கு இல்லை, மற்றவர்களின் சாப்பாடு. அவை கத்துகிற கத்தலைக் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா எங்கள் ஃபிரிட்ஜ் கெட்டுப்போயிருக்கிறது என்று இன்றுவரை நம்புகிறார். மெக்கானிக் நம்பர்கூடக் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். எதிரே லாரி தப்பான பக்கத்தில் வந்தாலும் அசராத மனிதர், பின்னறை வாசற்படியை மட்டும் தாண்ட மாட்டார். பேச வேண்டுமென்றால் நிலைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவார். "அங்க எல்லாரும் அவங்கவங்க டப்பாவுலதான இருக்காங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். போனில் ஆர்டர் எடுப்பது, டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்துக் கட்டுவது, 'உயிருள்ளது, கவிழ்க்காதே' என்று பெட்டி மேல் எழுதி ஒட்டுவது எல்லாம் மகள் பொறுப்பு. அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் கிளம்புவதாக இருந்தாள்.

அதைப் பற்றி நான் அழுது வடியவில்லை. எனக்குத்தான் மகாராணி இருந்தாளே.

மகாராணி ஒரு டரான்டுலா சிலந்தி. மிளகு அளவில் வந்தவள், அதற்குள் என் உள்ளங்கை கொள்ளாத அளவுக்கு வளர்ந்திருந்தாள். கறுப்பு உடம்பு, ஒவ்வொரு முழங்காலிலும் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை. மற்ற சிலந்திகள் டப்பாவைத் திறந்தால் பின்பக்கத்தைத் தூக்கி முடியை உதறும், அந்த முடி பட்டால் கை நாள் முழுக்க அரிக்கும். மகாராணி அப்படி ஒரு நாளும் செய்ததில்லை. வீட்டில் யார் மேல் எனக்குக் கோபம் வந்தாலும் அவள் முன்னால் போய் உட்கார்ந்து கொட்டித் தீர்த்துவிடுவேன். நடுவில் பேச மாட்டாள், யாரிடமும் போய்ச் சொல்லவும் மாட்டாள். இந்த வீட்டில் அப்படி ஒரு ஆள் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா?

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த ஜாதியில் பெண் இருபது வருஷம் சர்வ சாதாரணமாக இருக்கும். ஆண் அப்படியில்லை. வயசுக்கு வருவதற்காகக் கடைசித் தோலை உரிக்கும், அதற்கப்புறம் சில மாதம்தான். அதனால்தான் வாங்குகிறவர்கள் எல்லாரும் "பொண்ணா குடுங்கக்கா" என்று கேட்பார்கள். மகள் பெட்டி கட்ட ஆரம்பித்த அன்று, "நீ போனா போ, எனக்கு மகாராணி இருக்கா, நான் கிழவியாகுற வரைக்கும் இருப்பா" என்று சொன்னேன். மகள் கோபித்துக்கொண்டு அன்றைக்கு எந்த ஆர்டரையும் எடுக்கவில்லை.

ஆணா பெண்ணா என்று பார்ப்பதில் இந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. உரித்துப் போட்ட தோலைப் பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் ஊறப் போட்டு, பிய்ந்துவிடாமல் விரித்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வயிற்றுப் பக்கத் தோலின் உட்புறத்தில் ஒரு சின்னப் பை மாதிரி மடிப்பு இருந்தால் பெண். இல்லையென்றால் ஆண். சொல்வது சுலபம், பார்ப்பதற்குக் கண் வேண்டும். யார் யாரோ எங்கிருந்தோ தீப்பெட்டியில் தோலைப் போட்டு எனக்கு அனுப்புவார்கள். நான் சொன்னால் சொன்னதுதான்.

மகாராணியோடு கூட வந்தவன் ராஜா, ஒரே குடும்பம். சின்ன வயசிலேயே இரண்டு பேர் தோலையும் பார்த்து, இவள் பெண், அவன் ஆண் என்று முடிவு செய்து, ராஜாவை ஆண் விலைக்கு, அதாவது கிட்டத்தட்டச் சும்மா, ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் அவர் போன் பண்ணினார். "ஆம்பளை சீக்கிரம் போயிடும்னு சொன்னீங்களேக்கா, இவன் நல்லா குண்டா, கொழுக்கட்டை மாதிரி இருக்கானே!" என்றார். "எல்லாம் உங்க கைராசி" என்று பெருமையாகச் சொல்லி வைத்தேன். என் வாயை என்ன செய்வது?

இப்போது மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன்.

மகாராணியின் குஞ்சுகளைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. எங்கள் பக்கத்தில் இந்த ஜாதியைக் குஞ்சு பொரிக்க வைத்தவர் யாரும் இல்லை. மாப்பிள்ளைக்குத்தான் பஞ்சம். கடைசியில் டெய்லர் அண்ணன் அகப்பட்டார். கடைத்தெருவில் தையல் கடை, திரைக்குப் பின்னால் சிலந்தி. அவரிடம் இதே ஜாதியில் இரண்டு இருந்தன. ஒன்று, புதிதாக வயசுக்கு வந்த ஆண். பெயர் துரை. இன்னொன்று பெண். பெயர் ராட்சசி. காரணப் பெயர்தான். இதற்கு முன் வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் பெண் வீட்டு வாசலிலேயே தின்று முடித்தவள். துரையை அவளிடம் விட அண்ணனுக்கு மனசில்லை. மகாராணி சாது என்று ஊருக்கே தெரியும், அதனால் என்னைத் தேடி வந்தார்.

எங்கள் தொழிலில் இதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். பிறக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. மாப்பிள்ளையைப் பெண் தின்றுவிட்டால் யாரும் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது.

பெண் தோல் உரித்தபின் உடம்பு இறுகியதும் மாப்பிள்ளையை விடுவதுதான் முறை. மகாராணி தன் மரப்பட்டை வீட்டுக்குள் போய் வாசலை வலையால் அடைத்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் வலைக்குள்ளே பழைய தோலின் காலொன்று தெரிந்தது. உரித்துவிட்டாள். அந்த நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாது. தண்ணீர் மட்டும் வைத்துவிட்டு நான் பட்டையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. உடம்பு இறுகியிருக்கும் என்று தோன்றியதும் டெய்லர் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்து சேர்ந்தார். துணிப்பைக்குள் பனியன் துணி, அதற்குள் பஞ்சு, அதற்குள் டப்பா, டப்பாவுக்குள் துரை. உட்காரும்போதே மாப்பிள்ளை வீட்டு முறுக்கு வந்துவிட்டது.

"ரூம் கொஞ்சம் குளிருதே, சம்பந்தி. பையனுக்குக் குளிர் ஆகாது."

"ஹீட்டர் போட்டிருக்கேன் அண்ணே."

"பொண்ணு நிறம் போட்டோவுல இருந்த மாதிரியேதான இருக்கும்? போட்டோவை நம்ப முடியாது பாருங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் தொழிலில் பெண் வீட்டார் பணிந்து போக வேண்டிய அவசியம் இல்லை என்பதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன்.

"நிறம் இருக்கட்டும் அண்ணே. பொண்ணு தோல் உரிச்சதுல இருந்து இன்னும் சாப்பிடல. நல்ல பசியில இருப்பா. உங்க பையன் நல்லா ஓடுவானா?"

அண்ணன் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஏம்மா, ஒரே பையன்மா."

"விதி அப்படின்னா நாம என்ன பண்ண முடியும்? தொழில்னா நாலும்தான் இருக்கும்." சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினேன். மகள் என்னைப் பார்த்த பார்வையில், 'அம்மா, இதெல்லாம் ரொம்ப ஓவர்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

எல்லாரும் பின்னறைக்குப் போனோம். வீட்டுக்காரர் வழக்கம்போல நிலைக்கு வெளியே. நான் மகாராணியின் கண்ணாடிப் பெட்டி மூடியைத் திறந்தேன். ஒரு கையில் மெல்லிய பெயின்ட் பிரஷ், இன்னொரு கையால் மரப்பட்டையை மெதுவாகத் தூக்கினேன்.

உள்ளே இருந்தது என் மகாராணி மாதிரியே இல்லை. உடம்பு வற்றி, கால்கள் நீண்டு, நெடுநெடுவென்று நின்றது. முன்னால் இருக்கிற இரண்டு சின்னக் கைகளின் நுனியும் உருண்டு, குத்துச்சண்டைக்காரன் கையுறை போட்ட மாதிரி. முன்னங்கால்களின் முழங்காலுக்குக் கீழே காலுக்கொரு கொக்கி. எங்கள் தொழிலில் நேற்று சேர்ந்தவனுக்குக்கூட இது தெரியும். எனக்கு மட்டும் கண் பார்த்ததை மூளை வாங்கிக்கொள்ளவில்லை.

டெய்லர் அண்ணன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தார். இன்னொரு தடவை குனிந்தார்.

"சம்பந்தி," என்றார். "பொண்ணுக்கு மீசை இருக்கே."

"இருக்காது!" என்று கத்தினேன். எதை இருக்காது என்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "நான் தோலைப் பார்த்தேன் அண்ணே. என் கண்ணால பார்த்தேன்!"

"நானும் இப்ப என் கண்ணாலதான் பார்க்கிறேன்." அவருக்கு உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். "நல்லவேளை, துரையை உள்ள விடல. விட்டிருந்தா ரெண்டு மாப்பிள்ளையும் ஒருத்தனை ஒருத்தன் பார்த்து, எந்த வீட்டுக்கு வந்தோம்னு முழிச்சிருப்பானுங்க."

எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சின்ன வயசில் ஒரு தடவை தோலைப் பார்த்து முடிவு செய்தபின் நான் மறுபடி பார்க்கவே இல்லை என்பது உண்மைதான். பெற்ற பிள்ளை பெண்தானா என்று வருஷா வருஷம் பார்த்துக்கொண்டா இருக்கிறோம்? ஆனால் அன்றைக்குப் பார்த்ததில் தப்பே இல்லை. அந்த மடிப்பு இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. சாப்பாட்டு மேஜையில் இரண்டு டப்பா, அவற்றின் மூடிமேல் அவரவர் தோல் காய்ந்துகொண்டிருந்தது, நான் டார்ச் எடுக்க எழுந்து போனேன், வந்து பார்த்தேன்.

நிலைக்கு வெளியே ஒரு இருமல் கேட்டது.

"அன்னைக்கு..." என்றார் வீட்டுக்காரர். "நீ டார்ச் எடுக்கப் போனியே. அன்னைக்கு நான் ஃபேனைப் போட்டேன்."

"போட்டா?"

"மூடி மேல இருந்த ரெண்டும் பறந்து கீழ விழுந்துச்சு. உயிரோட இருக்குன்னு நெனச்சு நாற்காலி மேல ஏறிட்டேன். அசையல. சரி, செத்துப்போச்சு, நாமதான் கொன்னுட்டோம்னு பயந்துபோய் முறத்துல அள்ளி மூடிக்கு ஒண்ணா வச்சிட்டேன்."

"எது மேல எதை?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? ரெண்டும் ஒரே மாதிரிதான இருந்துச்சு."

ஐந்து வருஷம். ஐந்து வருஷமாக வாயைத் திறக்கவில்லை மனுஷர். கையில் பிரஷ் மட்டும் இருந்தது அவர் நல்ல நேரம். அப்போதுதான் ராஜா ஞாபகம் வந்தது. எங்கேயோ ஒருவர் வீட்டில் கொழுக்கட்டை மாதிரி ஒரு ராணி, ராஜா என்ற பெயரில் இருபது வருஷம் சுகமாக இருக்கப் போகிறாள். நான் கைராசி என்று வாழ்த்தியும் அனுப்பியாயிற்று. மகள் வாயைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். அங்கே போய்ச் சிரிக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

அண்ணன் துரையைப் பத்திரமாக மடித்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வருத்தப்படாதம்மா" என்றார். அவருக்கும் கணக்குத் தெரியும்.

அவர் போனபின் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். இருபது வருஷம் என்று நினைத்தது சில மாதமாகிப் போயிருந்தது. அன்றைக்குத் திட்டுவதற்கு வீட்டில் எத்தனையோ விஷயம் இருந்தும் எனக்கு வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. நன்றாகவே அழுதேன். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்ப இத்தனை நாளும் எனக்குத் தம்பியா?"

"போடி."

"பேரை என்ன பண்றது? அப்பா மகாராஜான்னு மாத்தலாம்கிறாரு."

"உங்கப்பா இதுவரைக்கும் மாத்தினது போதும்னு சொல்லு. பேரு மகாராணிதான்."

அதற்குப்பின் மகாராணி ஆளே மாறிவிட்டான். முன்பெல்லாம் நாள் கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவன், இப்போது பெட்டியின் நான்கு மூலைக்கும் நடந்தான். தரைக்கு மேல் பாய் மாதிரி ஒரு வலை நெய்தான். ஆண் தன்னைத் தயார் செய்துகொள்வதற்கு நெய்கிற வலை அது. அதற்கப்புறம் கண்ணாடியில் ஏறி, மூடியைக் கையால் தட்ட ஆரம்பித்தான். டொக், டொக், டொக். சாப்பாடு வைத்தால் தொடவில்லை. நான் பேசினால் நிற்கவில்லை. அவனுக்கு வேண்டியது என் பேச்சு இல்லை என்று எனக்குப் புரியாமலா போகும்? புரிந்தது. பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில் வயசுக்கு வந்த பெண் என்றால் ராட்சசி ஒருத்திதான். ராஜாவை, அதாவது ராணியைக் கேட்கலாம், ஆனால் கூடப் பிறந்தவள். அவளிடம் விட எனக்கு ஒப்பவில்லை. பெட்டியிலேயே வைத்திருந்தால் சில மாதம் என்னோடு பத்திரமாக இருப்பான். ராட்சசியிடம் விட்டால் அன்றைக்கே போனாலும் போவான். தட்டிக்கொண்டே செத்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதா, நானே கொண்டுபோய்க் கொடுப்பதா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் டெய்லர் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்க சம்பந்தி," என்றார் உற்சாகமாக. "பையன் எப்படி? குணமெல்லாம் நல்ல குணம்தான? எங்க பொண்ணு கொஞ்சம் செல்லமா வளர்ந்தவ."

"அண்ணே, விளையாடாதீங்க. கூட்டிட்டு வரட்டுமா?"

அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது. "வேணாம்மா. ரெண்டு பேரைத் தின்னவ. உனக்கு அவன் மேல எவ்வளவு உசுருன்னு எனக்குத் தெரியாதா? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் உன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"உள்ள இருந்து தட்டிக்கிட்டே இருக்கான் அண்ணே. கேக்க முடியல."

"ஒருவேளை..."

"ஒருவேளை விதி அப்படின்னா..." என்று ஆரம்பித்தேன். அன்றைக்கு டீயை உறிஞ்சிக்கொண்டு சொன்ன வார்த்தை இன்றைக்குப் பாதியிலேயே நின்றுவிட்டது. அண்ணன், "சரி, ராட்சசிக்கு நல்லா சாப்பாடு போட்டு வைக்கிறேன். வயிறு முட்டினா கொஞ்சம் பொறுமையா இருப்பா. அவ போதும் போதும்னு சொல்ற வரைக்கும் போட்டுட்டு உனக்குச் சொல்றேன்" என்றார். சொன்ன மாதிரியே செய்தார். என் தொட்டியிலிருந்து சுவர்க்கோழிகளை நானே அள்ளி அனுப்பினேன், கொழுத்ததாகப் பார்த்து.

அண்ணன் சொல்லி அனுப்பிய அன்று வீட்டுக்காரருக்கு லீவு. டப்பாவை நான் எடுப்பதும் மறுபடி வைப்பதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "நானும் வரேன்" என்றார். "வெளியதான் நிப்பேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

தையல் கடைத் திரைக்குப் பின்னால் குறுகலான அறை. ஒரு பக்கம் பட்டன் வைக்காத சட்டைகள், இன்னொரு பக்கம் கை கால் இல்லாத துணிப்பொம்மை. மேஜை மேல் ராட்சசியின் பெட்டி. அப்படி ஒரு உடம்பை நான் பார்த்ததில்லை. மகாராணியைப் போல இரண்டு பங்கு. பொந்து வாசலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கையில் நீளமான மர ஸ்கேல், என் கையில் பிரஷ். வீட்டுக்காரர் திரையை ஒரு கையால் விலக்கிப் பிடித்தபடி கடைப் பக்கமாக நின்றார்.

மகாராணியை மூலையில் விட்டேன். இரண்டடி நடந்தான், நின்றான். அவள் வாசனை தெரிந்துவிட்டது. முன்னங்காலால் தரையைத் தட்டினான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பொந்துப் பக்கமிருந்து மெதுவாகப் பதில் தட்டு வந்தது.

"கூப்பிடுறா," என்றார் அண்ணன், மூச்சே விடாமல். "இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேருக்கும் இவ பதிலே சொல்லல."

மகாராணி போனான். தட்டுவான், நிற்பான், போவான். என் பிள்ளைக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என்னிடமிருந்து இல்லை. அவள் திடீரென்று எழுந்து, இரண்டு பற்களையும் விரித்துக்கொண்டு நின்றாள். நான் பிரஷ்ஷை நீட்டினேன். அவன் பயப்படாமல் அடியில் நுழைந்து, காலில் இருக்கிற கொக்கிகளால் அந்தப் பற்கள் இரண்டையும் மாட்டிப் பிடித்து அவளை மேலே நிமிர்த்தினான். அப்படியே இருந்தார்கள். நானும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"முடிஞ்சது," என்றார் அண்ணன். "இனிமேதான் ஆபத்து. அவன் கொக்கியை விட்டதும்..."

விட்டான். ராட்சசி பாய்ந்தாள். அண்ணன் ஸ்கேலை நடுவில் செருகினார். பல் மரத்தில் இறங்குகிற சத்தம் கேட்டது. மகாராணி ஸ்கேல் மேலேயே ஏறி, பெட்டி விளிம்பைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, திரையில் தாவி, விறுவிறுவென்று மேலே ஏறினான். திரையைப் பிடித்திருந்த கையைப் பாலமாக வைத்து நடந்து, என் வீட்டுக்காரர் தோளில் போய் உட்கார்ந்தான்.

"அசையாதீங்க!" என்று நானும் அண்ணனும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

எங்கே அசைவது? மனிதர் கல்லாகிப்போய் நின்றார். நெற்றியில் வியர்வை. கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுவந்து தோளைப் பார்த்தார். மகாராணி கால்களைச் சுருக்கிக்கொண்டு அவர் காலருக்குப் பக்கத்தில் ஒண்டியிருந்தான். நான் பிரஷ்ஷோடு கிட்டே போனேன்.

"இரு, இரு," என்றார் என் வீட்டுக்காரர். "இப்பதான் தப்பிச்சு வந்திருக்கான். கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கட்டும்." பிறகு தோளைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "பயப்படாதடா. எனக்கும் கல்யாணம் ஆயிருக்கு."

டெய்லர் அண்ணன் சிரித்த சிரிப்பில் துணிப்பொம்மை சாய்ந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் கோபத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. வீடு வரைக்கும் டப்பாவை அவர்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தர மாட்டேன் என்றுவிட்டார்.

மகள் ஊருக்குக் கிளம்பிப் போனாள். பஸ் நிலையத்தில் தைரியமாகக் கையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மகாராணி முன்னால் அழுதேன். எங்கேயிருந்தோ வந்து வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். நிலையைத் தாண்டி உள்ளேதான் நின்றார். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. தினமும் டியூட்டிக்குப் போகுமுன் உள்ளே வந்து, "என்னடா, எப்படி இருக்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். மகாராணி தட்டுவதை நிறுத்தியிருந்தான். நடையும் குறைந்தது. ஒரு நாள் காலை நான் போய்ப் பார்த்தபோது வீட்டுக்காரர் யூனிஃபார்மோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். டியூட்டிக்கு நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. மகாராணி தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தான். தோல் உரிக்க மல்லாந்து கிடக்கிறானோ என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். கவிழ்ந்துதான் கிடந்தான். அன்றைக்கு அவர் பஸ் எடுக்கவில்லை, நான் ஆர்டர் எடுக்கவில்லை.

ராட்சசி முட்டைப்பை கட்டியிருந்தாள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாப்பாடுகூட வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறாள் என்று அண்ணன் போனில் சொல்வார். குஞ்சுகள் பிரிகிற பருவம் வந்ததும் துணிப்பையும் பனியன் துணியுமாக வந்து சேர்ந்தார். இந்தத் தடவை முறுக்கு எதுவும் இல்லை.

"பேரப் பிள்ளைங்களை எண்ணி எடுத்துக்கங்க சம்பந்தி. பாதிக்குப் பாதி."

குட்டிக் குட்டி டப்பாக்களில் மிளகு மிளகாக. போட்டோ போட்ட அன்றே போன் வர ஆரம்பித்தது. எல்லாருக்கும் ஒரே கேள்வி, பெண்தானா? தெரியாது, வளர்த்துப் பாருங்கள் என்றேன். வளர்த்த பின் தோலை அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன், ஃபேனை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன் என்றேன். விற்றதெல்லாம் விற்று, ஒன்றை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டேன். மகாராணி இருந்த பெட்டிக்குப் பக்கத்திலேயே அதன் டப்பா.

அது வளர்ந்து, தோலின் உட்புறத்தைப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு வந்தது. போன வாரம் ஒரு தோல் உரித்தது. நல்ல தோல், எங்கும் கிழியாமல் முழுசாக இருந்தது. சோப்புத் தண்ணீரும் டார்ச்சும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் வீடியோ காலில் இருந்தாள். வீட்டுக்காரர் என் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"சீக்கிரம் பாரும்மா," என்றாள் மகள். "தம்பியா, தங்கச்சியா?"

தோலை விரல் நுனியில் எடுத்தேன். ஒரு சொட்டு தண்ணீர், கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான் வேலை. இருபது வருஷமா, அஞ்சு வருஷமா என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அன்றையிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். தோலைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன்.

"என்னம்மா பண்ற?"

"பார்க்கல. இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

வீட்டுக்காரர் டப்பாவைக் கையில் எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "அப்ப என்ன பேரு வைக்கிறது?"

"மகாராணி."

"ஆம்பளையா இருந்தா?"

"அப்பவும் மகாராணிதான்," என்றேன்.